நுளம்பு பிடிக்கச் சம்பளமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கலைப் பக்கம் வருவதற்கு முன் அவர் கல் பொறுக்கித் திரிந்த காலத்தை ஏன் அவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்கள் என்று விளங்கவில்லை. நான் இளைப்பாறிய கணக்காளன். செலவுதான் முதலில் கண்ணில் படும். கொழும்பில் மண்ணுக்கு ஓர் ஆய்வுகூடம், கல்லுக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று. மலேரியா ஒழிந்ததற்குச் சான்றிதழும் வந்துவிட்டது. இன்னும் நுளம்பு பிடிக்கச் சம்பளம் எதற்கு? மண்ணைப் பரிசோதித்தும் மலையகத்தில் சனம் புதைந்துகொண்டுதானே இருக்கிறது? இதற்கிடையில் என் பேத்தி விலங்கியல் படித்துப் பூச்சி ஆராயப் போகிறாளாம். அவளுக்கு என்ன சொல்வது?

சி. ந.,
வெள்ளவத்தை

அன்புள்ள சி. ந. அவர்களுக்கு,

கணக்காளர் என்கிறீர்கள், கணக்கிலேயே தொடங்குகிறேன். 1934–35இல் இலங்கையில் மலேரியாவுக்குப் பலியானவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். மழை பொய்த்து, வழக்கமாக ஓடும் ஆறுகள் வற்றி, படுகையில் அங்கங்கே தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகியது. பிறகு டீடீடீ என்ற பூச்சிக்கொல்லி வந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகள்தான். சரி, இனி என்ன என்று மருந்தடிப்பதும் நின்றது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் நோயாளிகள் 5 இலட்சத்துக்கு மேல். அந்த ஆறு வருடத்தில் மிச்சம் பிடித்த காசை எந்தப் பக்கத்தில் பதிவீர்கள்?

நீங்கள் சொல்லும் சான்றிதழ் 2016 செப்டெம்பரில் கிடைத்தது. அதே வருடம் டிசம்பரில் மன்னாரில் ஒரு புது நுளம்பு அகப்பட்டது: அனோபிலிஸ் ஸ்டீபன்சி. நம் பழைய ஆற்றங்கரை நுளம்பு இல்லை இது. கிணற்றிலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியிலும் முட்டையிட்டு, சென்னை போன்ற நகரங்களில் மலேரியா பரப்புவது. மன்னாரில் அதன் குடம்பிகள் கிணறுகளில் இருந்தன. நோயாளி வரட்டும் பார்க்கலாம் என்று இருந்திருந்தால் இது தெரிந்திருக்காது. சம்பளம் வாங்கிக்கொண்டு நுளம்பு பிடிக்கிறவர்கள் பிடித்ததால் தெரிந்தது.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று பேத்தி பார்க்கத்தானே போகிறாள், நீங்களும் கொஞ்சம் பாருங்கள். வாளியில் கோரிய தண்ணீரை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி அசையாமல் விட வேண்டும். அதிலுள்ள குடம்பி தலைகீழாகத் தொங்கி, வால் குழாயை மட்டும் மேலே நீட்டி மூச்சு விடுவது என்றால் அது டெங்கு நுளம்பின் வகையாகவோ வீட்டில் கடிக்கும் சாதாரண நுளம்பாகவோ இருக்கும். நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தால் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் வகை. இதுவரை வெறுங்கண்ணே போதும். எந்த அனோபிலிஸ் என்பதற்குத்தான் நுணுக்குக்காட்டி, வளர்த்து எடுத்த நுளம்பு, அதைப் பார்த்துப் பழகிய ஒரு ஆள் எல்லாம் வேண்டும். அந்த ஆளை அவசரத்துக்கு எங்கிருந்தும் இறக்குமதி செய்ய முடியாது.

மண்ணைப் பற்றிய உங்கள் கோபம் வேறு. அதில் பாதி எனக்கும் உண்டு. பயிர் மண்ணின் ஆராய்ச்சிக்குப் பேராதனைப் பக்கம் போக வேண்டும். கொழும்பில் மண் என்றால் பெரும்பாலும் அத்திவாரமும் சரிவும்தான். ஜாவத்தை வீதியில் இருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்தான் மண்சரிவு எச்சரிக்கை விடுவது. 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் மழை தாண்டினால் எழும்பிப் போ என்று அர்த்தம். மண் பொறியியலில் ஒரு சோதனை உண்டு. ஈர மண்ணைக் கண்ணாடித் தகட்டில் வைத்து உள்ளங்கையால் உருட்டி, 3 மில்லிமீற்றர் தடிப்பில் இடியப்பச் சரம் போல ஆக்குவார்கள். உடையாவிட்டால் மடித்துத் திரும்ப உருட்டுவது. உருட்ட உருட்ட ஈரம் குறையும். அந்தத் தடிப்பில் பொடிந்து உடையும்போது எடை பார்த்து, 105 பாகை செல்சியசில் உலர்த்தி, மறுபடியும் எடை பார்ப்பார்கள். அந்த மண் எவ்வளவு தண்ணீர் வரை மண்ணாக இருக்கும், எதற்கு மேல் களியாகும் என்பதில் ஒரு எல்லை அப்படித்தான் எண்ணாகிறது.

ஆனால் அந்த எண்ணால் வீடு கட்டித் தர முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலையகத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் புதையுண்டன. அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்கூட்டியே எச்சரிக்கை இருந்தது. எழும்பிப் போ என்றால் எங்கே போவது? தோட்டத்துச் சனத்தில் பெரும்பாலானோருக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை. அதற்கான பதிலை ஆய்வுகூடத்தில் தேடாதீர்கள். காணி கொடுக்க வேண்டியவர்களின் கதவைத் தட்டுங்கள், நானும் கூட வருகிறேன்.

குமாரசுவாமியைத் தூக்கிப் பிடிப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1903இல் தொடங்கிய கனிப்பொருள் அளவைக்கு அவர்தான் பொறுப்பு. மாணிக்கம் தேடுகிறவர்கள் ‘இல்லம்’ எனப்படும் மாணிக்கச் சரளை மண்ணை அரித்துவிட்டு வீசும் சாமான்களுக்குள், கனமான கறுப்புச் சதுரக் கட்டிகளை 1904இல் கவனித்தார். அதில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் நிறைய இருக்கிறது என்பது லண்டனில் பகுத்தபோதுதான் உறுதியானது. அடுத்த வருடம் ஜெர்மன் வேதியியலாளர் ஒட்டோ ஹான் ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கண்டுபிடித்ததும் லண்டனில், இந்த இலங்கைக் கல்லை வைத்து. கல் நம்முடையது, தராசு அவர்களுடையது. இங்கேயே ஆய்வுகூடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பேத்தி விஷயம். படிக்க விடுங்கள். வேலை இடங்கள் குறைவு, அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்புறம், காலையில் எழும்புகிற பிள்ளையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இரவு முழுக்க ஒரு மாட்டை வலைக்கூடாரத்துக்குள் கட்டி வைத்து, விடிந்ததும் உள்ளே புகுந்து, வலையில் ஒட்டியிருக்கும் நுளம்புகளை ஒவ்வொன்றாகக் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். மாடு சும்மா நிற்காது.