எலும்பு முறிவுக்கு வைக்கும் டைட்டானியம் தகட்டில் உள்ளூர்த் தயாரிப்பை நம்பலாமா? உடம்புக்கு ஒத்துக்கொண்டு நாள்பட உழைக்குமா?

வீட்டில் பெரியவர் யாருக்கோ ஆபரேஷன் நாள் குறித்துவிட்டார்கள், வெளிநாட்டுத் தகடு என்றால் இவ்வளவு, உள்ளூர் என்றால் இவ்வளவு என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் எலும்பு ஸ்க்ரூவும் தகடும் செய்கிற கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். விளம்பரம் என்று யாராவது கிளம்பலாம். கம்பெனிப் பெயரை எங்கும் சொல்லப்போவதில்லை.

நம்பலாம். பெரும்பாலும் எல்லோரும் எடுப்பது ஒரே கலவைதான்: டைட்டானியத்தில் 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம். (சுத்த டைட்டானியமும், வனேடியத்துக்குப் பதில் நியோபியம் சேர்த்ததும் உண்டு. தெரியும், திருத்த வராதீர்கள்.) காற்றுப் பட்டதுமே இதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உண்டாகிவிடும். உடம்பு தொடுவது அந்தப் படலத்தைத்தான். அதனால்தான் துருப்பிடிப்பதில்லை, எலும்பும் ஒட்டி வளர்கிறது.

ஆனால் கீறல் டைட்டானியத்துக்கு ஆகாது. ஒருமுறை ஏற்றுமதிக்குப் போக வேண்டிய லாட்டில் (ஒரே தொகுப்பாகச் செய்த சரக்கு), ஸ்க்ரூ மரையின் அடியில் டூல் இழுத்த கோடு மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தது. "அளவெல்லாம் சரியாத்தானேம்மா இருக்கு, பாலிஷ்ல போயிடும், விடும்மா" என்றார் சூப்பர்வைசர். நான் கையெழுத்துப் போடவில்லை. நோயாளி நடக்க நடக்க அந்தக் கோட்டிலிருந்துதான் விரிசல் கிளம்பும். டைட்டானியம் சூட்டை எளிதில் கடத்தாது, வெட்டுகிற சூடு டூல் முனையிலேயே நின்றுவிடும். சூட்டைத் தணிக்கிற கூலன்ட் திரவம் சரியாக விழாமல் முனை மழுங்கியிருந்தது. லாட் முழுவதையும் ஒதுக்கினோம். எல்லோருக்கும் இன்சென்டிவ் போனது. பக்கத்து மேசை அக்கா கொஞ்ச நாள் என்னிடம் பேசவில்லை. பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற மாதம், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. இன்று அந்த லாட் வந்தாலும் நிறுத்தத்தான் செய்வேன்.

வெட்டி முடித்ததும் அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, அமிலத்தில் முக்கி, அனோடைஸ் செய்வோம், அதாவது திரவத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவோம். ஆக்சைடு படலம் இன்னும் தடிக்கும். தங்க நிறம், நீல நிறம் என்று நீங்கள் பார்ப்பது பெயின்ட் இல்லை, வோல்டேஜுக்குத் தகுந்த படலத் தடிமன். அப்புறம், விறைப்பு. இந்தக் கலவையின் விறைப்பு சுமார் 110 கிகாபாஸ்கல், கெட்டி எலும்புக்கு 10 முதல் 30தான். சுமையைத் தகடே தாங்கிக்கொண்டால் எலும்பு மெலியும். அதற்காகத்தான் நியோபியம், ஸிர்கோனியம் சேர்த்து விறைப்பைப் பாதியளவுக்குக் குறைத்த கலவைகள் வந்திருக்கின்றன. ஆபரேஷன் தியேட்டரில் தகட்டை முன்னும் பின்னும் வளைத்தாலும் ஆயுள் குறையும், அது எங்கள் கையில் இல்லை.

எந்த ஊர் தகடானாலும் லேபிளில் லாட் எண் இருக்கும், இங்கே செய்ததென்றால் உற்பத்தி உரிம எண்ணும் இருக்கும். 2017 மருத்துவ உபகரண விதிகள் அதைக் கேட்கின்றன. என் ஆதங்கம், அந்த லேபிள் நோயாளி கைக்கு வருவதே இல்லை. சித்தப்பாவின் மணிக்கட்டுத் தகட்டைக் கழற்ற வேண்டி வந்தபோது பழைய பில்லில் "இம்ப்ளான்ட்" என்று ஒரே வரி. எந்தக் கம்பெனி, ஸ்க்ரூ தலை அறுகோணமா நட்சத்திரமா, ஒன்றும் இல்லை. பொருத்தமான டிரைவர் இல்லாமல் டாக்டர் எதைக் கழற்றுவார்? துணிக்கடை ரசீதில்கூட இதைவிட விவரம் இருக்கும். ஆயிரக்கணக்கில் காசு வாங்குகிறவர்களுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருவதில் என்ன கஷ்டம்?

அந்த லேபிள் வேண்டும் என்று ஆபரேஷனுக்கு முன்பே சொல்லி வையுங்கள். முடிந்த பிறகு கேட்டால் பாக்கெட் குப்பைக்குப் போயிருக்கும்.