"இது பாப்பா ரூம்!"

பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளின் அறை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு உள் அலங்கார வல்லுநர்கள் தரும் பதில்கள்.

என் மகளுக்குப் பத்து வயது. அவள் அறைக்கு ஐந்து வருடம் முன்பு ரோஸ் கலர் அடித்து, சுவர் முழுக்கக் கார்ட்டூன் ஸ்டிக்கர் ஒட்டினோம். இப்போது "இது பாப்பா ரூம்" என்று தோழிகளை உள்ளேயே விடுவதில்லை. கருநீலம் வேண்டுமாம். ஒரு ஸ்டிக்கரை உரித்தேன், பெயின்ட்டும் கூடவே வந்துவிட்டது. பத்துக்குப் பத்து அறை.
– வாசகி, திருச்சி

பெயின்ட் பெயர்ந்ததற்கு, ஸ்டிக்கரை உங்களை நோக்கி இழுத்ததுதான் காரணமாக இருக்கும். ஹேர் டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து அரை நிமிடம் சூடு காட்டுங்கள். ஓரத்தை நகத்தால் கிளப்பி, சுவரோடு சுவராக மடக்கிக்கொண்டே மெதுவாக இழுங்கள். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் உண்டு. இங்கே அது வேண்டாம், எண்ணெய் பட்ட இடத்தில் புது பெயின்ட் பிடிக்காது. வெந்நீரில் சோப்புக் கரைத்துத் துணியால் துடைத்தால் போதும்.

பெயர்ந்த இடங்களின் விளிம்பைப் பட்டித் தகட்டால் சுரண்டி, உறுதியான பெயின்ட் வரும்வரை போங்கள். 120-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, நன்றாகக் காய்ந்ததும் 220-ஆம் நம்பரால் மறுபடி தேய்க்கவும். தூசியை ஈரத்துணியால் எடுத்த பிறகு, சுவர் முழுக்க ஒரு கோட் பிரைமர் (பெயின்ட்டுக்கு அடியில் அடிக்கும் பூச்சு). பட்டி வைத்த இடத்துக்கு மட்டும் பிரைமர் அடித்துக் காசை மிச்சம் பிடித்தால், பெயின்ட்டைச் சுவர் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக உறிஞ்சி, திட்டுத் திட்டாகத் தெரியும். 

கருநீலத்தை மறுக்க வேண்டாம். ஆனால் கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் கொடுங்கள். நான்கு சுவருக்கும் அடித்தால் பகலிலேயே விளக்கு போட வேண்டியிருக்கும். அடர் நிறத்தில் சுவரின் மேடு பள்ளமும் கைத்தடமும் பளிச்சென்று தெரியும், அதனால் கழுவக்கூடிய எமல்ஷனாக வாங்குங்கள். பத்தடி உயரம் என்றால் அந்தச் சுவர் 100 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் போதும் என்றாலும் அடர் நிறம் பெரும்பாலும் மூன்றாவது கோட் கேட்கும். எனவே இரண்டு ஒரு லிட்டர் டின்களை ஒரே நாளில் கலக்கச் சொல்லி வாங்கிவிடுங்கள்; இன்னொரு நாள் கலந்தால் நிறம் துளி மாறலாம். மற்ற மூன்று சுவர்களும் கதவு, ஜன்னல் போக ஏறத்தாழ 260 சதுர அடி. வெளிர் நிறத்தில் நாலு லிட்டர் டின் ஒன்று வாங்கினால், பிறகு டச்-அப் செய்யவும் மிஞ்சும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நாலு மணி நேர இடைவெளி விடுங்கள்.

தொடங்கும் முன் ஒன்று. ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சுவர்ப் பக்கம் நீர் முத்துக் கோத்திருந்தால் உள்ளே ஓதம் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்த பெயின்ட் அடித்தாலும் கொப்பளிக்கும்.

இரண்டு பையன்கள், 11 வயது, 7 வயது. அறை பத்துக்கு ஒன்பது. இரட்டை அடுக்குக் கட்டில் வாங்கினால் இடம் மிச்சமாகுமே?
– வாசகர், மதுரை

அறை நடுவில் சீலிங் ஃபேன் இருக்கிறதா? அப்படியானால் வேண்டாம். நாலடி ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து இரண்டடி வரும். ஒன்பதடி அகலத்தில் இறக்கை நுனிக்கும் சுவருக்கும் இரண்டரை அடிதான். கட்டிலோ மூன்றடி அகலம். ஆக, மேல் கட்டிலின் ஓரம் அரையடி இறக்கைக்குக் கீழேயே வந்துவிடும். மேலே முட்டி போட்டு பனியன் மாற்றும் பையனின் கை எங்கே போகும் என்று யோசியுங்கள். சுவர் ஃபேன் மாட்டி, சீலிங் ஃபேனைக் கழற்றத் தயார் என்றால் சரி.

அதைவிட, கீழே இன்னொரு கட்டில் சக்கரத்தில் ஒளிந்திருக்கும் வகை உங்களுக்குப் பொருந்தும். இரவில் இழுக்க முன்னால் மூன்றடி தரை காலியாக இருக்க வேண்டும். கீழ்க் கட்டிலுக்கு நாலு அங்குல மெத்தைக்கு மேல் போனால் உள்ளே போகாமல் இடிக்கும்.

ஆசாரி படிப்பு மேஜையை இரண்டரை அடி உயரத்தில் செய்யலாம் என்கிறார். பையனுக்குப் பதினோரு வயது.
– வாசகி, கோவை

இரண்டரை அடி பெரியவர்களுக்கான உயரம். இப்போதைக்கு அதில் எழுதினால் தோள் தூக்கிக்கொள்ளும். ஆனால் குட்டை மேஜை மூன்றே வருடத்தில் வீணாகும். எனவே ஆசாரி சொன்ன உயரமே இருக்கட்டும். உயரம் ஏற்றி இறக்கும் நாற்காலி வாங்கி, முழங்கை மேஜை மட்டத்துக்கு வரும்படி ஏற்றுங்கள். தொங்கும் காலுக்கு ஒரு மரப்பலகை வையுங்கள். புத்தக அலமாரித் தட்டு 18 மி.மீ. பிளைவுட்டாக இருந்தாலும், நடுவில் தாங்கல் இல்லாமல் மூன்றடிக்கு மேல் நீட்ட விடாதீர்கள், தொய்ந்துவிடும். உயரமான அலமாரியை L கிளாம்ப் போட்டுச் சுவரோடு முடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் தட்டில் கால் வைத்து ஏறுவார்கள்.

மகள் அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறாள். தாழைக் கழற்றிவிடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

கழற்றுங்கள், ஆனால் சும்மா விடாதீர்கள். வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடிய உருண்டைக் கைப்பிடிப் பூட்டு மாட்டுங்கள். தனிமையும் கிடைக்கும், அவசரத்துக்குத் திறக்கவும் முடியும். கூடவே அவளுக்கென்று பூட்டுள்ள ஒரு டிராயர், மூடி போட்ட சிறு குப்பைக்கூடை. மாதவிலக்கு தொடங்கும் வயது இது, இரண்டும் முன்கூட்டியே அங்கே இருக்கட்டும்.

வாடகை வீடு. ஆணி அடிக்கக்கூடாது என்கிறார் ஓனர். போஸ்டர் ஒட்டப் பையன் அடம்பிடிக்கிறான்.
– வாசகர், சென்னை

டிஸ்டெம்பர் (பொடி உதிரும் மலிவு வகை பெயின்ட்) அடித்த சுவரில் டபுள் சைடு டேப் நிற்காது, நின்றாலும் உரிக்கும்போது சுவரையும் கொண்டுவரும். நாலடிக்கு இரண்டடி சாஃப்ட் போர்டு ஒன்று வாங்கி, மேஜையின் மேல் சுவரில் சாய்த்து, பின்பக்கம் மேஜையோடு ஸ்க்ரூ போட்டுவிடுங்கள். குண்டூசி எத்தனை குத்தினாலும் ஓனருக்குக் கவலையில்லை.