இரண்டாவது ஜோடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

2022-இல் பாங்காக்கில் பாட்மிண்டனின் தாமஸ் கோப்பையை (ஆண்கள் அணிகளுக்கான உலகப் பட்டம்) வென்ற நம் அணி 2024-இல் செங்டுவில் காலிறுதியோடு வெளியேறியது. அப்படியானால் பாங்காக்கில் நடந்தது குருட்டு அதிர்ஷ்டம்தானா? சாய்னா, சிந்து, ஸ்ரீகாந்த் என்று இத்தனை பேர் வந்தும், ஆண்களும் பெண்களும் ஒரே அணியாக ஆடும் சுதிர்மான் கோப்பையில் ஒரு பதக்கம்கூட இல்லையே, தேர்வுக் குழு அரசியலா? இன்னொன்று. 13 வயதான என் மகள் சிங்கிள்ஸில் மாவட்ட அளவில் ஜெயித்தவள். இப்போது அகாடமியில் டபுள்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். திறமை போதாது என்று சொல்லாமல் சொல்கிறார்களோ என்று மனசு ஆறவில்லை.

க., ஈரோடு

அன்புள்ள க.,

தேர்வுக் குழு அரசியலை டீக்கடைக்கு விட்டுவிடுவோம். பாங்காக் அதிர்ஷ்டமும் இல்லை. இறுதியில் இந்தோனேசியாவை 3-0 என்று வெல்ல அதிர்ஷ்டம் மட்டும் போதாது. ஆனால் மகளைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. உங்கள்மேல் எனக்குக் கோபம் வருவதும் அங்கேதான்.

தாமஸ் கோப்பையில் ஒரு மோதலுக்கு ஐந்து ஆட்டங்கள்: மூன்று சிங்கிள்ஸ், இரண்டு டபுள்ஸ். 2022-இல் காலிறுதியில் மலேசியாவிடமும் அரையிறுதியில் டென்மார்க்கிடமும் நாம் ஜெயித்தது ஒரே அச்சில். முதல் ஆட்டத்தில் லக்‌ஷயா சென் தோற்றார். சாத்விக்சாய்ராஜ் - சிராக் ஷெட்டி ஜோடி வென்றது. ஸ்ரீகாந்த் வென்றார். இரண்டாவது டபுள்ஸ் தோற்றது. 2-2 என்ற நிலையில் இறங்கிய பிரணாய் இரண்டு முறையும் முடித்துக் கொடுத்தார். டென்மார்க்கின் ராஸ்மஸ் கெம்கேவுக்கு எதிராக முதல் கேமில் வழுக்கி விழுந்து, கணுக்கால் வலியோடு 13-21, 21-9, 21-12 என்று ஆடிய ஆட்டம் அது. பிரிவுச் சுற்றில் சீன தைபேயிடம் 2-3 என்று தோற்ற நாளிலும் இரண்டாவது டபுள்ஸ் நம் கையில் இல்லை. இறுதிப் போட்டியில் நான்காவது ஆட்டமே தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் அந்தப் பக்கம் காத்திருந்தது பஜர் அல்ஃபியான் - முகமது ரியான் அர்டியான்டோ. அதே ஆண்டு முடிவதற்குள் உலகின் முதலிடத்துக்குப் போன ஜோடி!

ஆக, அந்த அணி உண்மையில் நான்கு ஆட்டங்களை வைத்துக்கொண்டுதான் ஐந்தில் மூன்றைத் தேடியது. நான்கில் ஒன்று ஆட்டம் கண்டால் என்ன ஆகும் என்பதை 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பார்த்தோம். இறுதியில் சீனாவை 2-0 என்று முந்தியிருந்தோம். முதுகு வலியால் பிரணாய் இல்லை. ஸ்ரீகாந்த் தோற்றார், இரண்டாவது டபுள்ஸ் போனது, ஐந்தாவது ஆட்டமும் போனது. வெள்ளி. செங்டுவில் சாத்விக் - சிராக்கே தோற்றார்கள், அவ்வளவுதான்.

பெண்கள் கதையும் இதேதான். 2024 பிப்ரவரியில் ஷா ஆலமில் ஆசிய அணிப் பட்டத்தை முதல்முறையாக வென்றபோது, ஜப்பானுக்கு எதிரான அரையிறுதியில் இரண்டாவது டபுள்ஸுக்கு அஸ்வினி பொன்னப்பாவோடு இறங்கியது யார் தெரியுமா? சிந்து! இரண்டு ஒலிம்பிக் சிங்கிள்ஸ் பதக்கம் வாங்கியவரை ஓட்டை அடைக்க அனுப்பினோம். ஆட்டம் போனது. 17 வயது அன்மோல் கார்ப் ஐந்தாவது ஆட்டத்தில் காப்பாற்றினாள், இறுதியிலும் அவளேதான்.

சுதிர்மானில் கணக்கு இன்னும் கறார். அங்கே ஐந்தில் மூன்று டபுள்ஸ்: ஆண்கள், பெண்கள், கலப்பு. சாய்னாவும் ஸ்ரீகாந்தும் உச்சத்தில் இருந்து இரண்டு சிங்கிள்ஸையும் வென்றாலும், டபுள்ஸ் மூன்றும் போனால் 2-3. நாம் காலிறுதி தொட்டது 2011-இலும் 2017-இலும். 2011-இல் ஜ்வாலா குட்டா இருந்தார், பெண்கள் டபுள்ஸில் அஸ்வினியோடும் கலப்பில் வி. டிஜுவோடும். 2017-இல் கோல்ட் கோஸ்டில் இந்தோனேசியாவை 4-1 என்று வீழ்த்தியபோது கலப்பு ஆட்டத்தில் தொன்தோவி அகமதின் ஜோடியைச் சாய்த்தது சாத்விக்கும் அஸ்வினியும். டபுள்ஸ் ஆள் இருந்த இரண்டு முறைதான் நாம் ஏறியிருக்கிறோம். 2025-இல் சாத்விக் - சிராக் இல்லாமல் ஷியாமென் போனோம். பிரிவுச் சுற்றோடு திரும்பினோம்.

ஏன் இரண்டாவது ஜோடி அமையவில்லை? சிங்கிள்ஸில் தேறாதவர்களை டபுள்ஸில் போடுவது என்ற பழக்கத்தை நீங்களும் நானும் சேர்ந்து வளர்த்திருக்கிறோம். டபுள்ஸ் வேறு வேலை ஐயா. கோர்ட்டின் அகலம் 5.18 மீட்டரிலிருந்து 6.10 ஆகிறது, ஆனால் சர்வ் விழும் பின்கோடு 76 செ.மீ. உள்ளே வந்துவிடுகிறது. உயரத் தூக்கிப் போட இடமில்லாததால் சர்வ் நெட்டை உரசித்தான் போக வேண்டும், அதுவும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே அடித்து. நெட்டின் மேல்விளிம்பு டேப்புக்கு மேல் ஒரு சாண் எழும்பினால் எதிராளி முன்கோட்டில் நின்றபடியே அறைந்துவிடுவான். முதல் நான்கு அடிக்குள் யார் ஷட்டிலைக் கீழ்நோக்கி அடிக்கிறார்களோ அவர்கள் பக்கம் பாதிப் புள்ளி சாய்ந்துவிடும். அவசரத்துக்குச் சேர்த்த ஜோடி முதலில் உடைவது மூன்றாவது அடியில். சர்வ் போட்டவன் பதறி ஷட்டிலை உயரத் தூக்கி அடிக்கிறான், கூட்டாளி இன்னும் பின்னாலேயே நிற்கிறான், முன்-பின் நிலையிலிருந்து பக்கத்துப் பக்கம் விரிவதற்குள் ஸ்மாஷ் நடுவில் இறங்குகிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நடுவில் வருவது யாருடையது என்ற ஒப்பந்தம் எலும்பில் ஊற வருஷங்கள் ஆகும். இடையில் ஜோடியை மாற்றினால் ரேங்கிங்கிலும் அடியிலிருந்து தொடங்க வேண்டும், வலுவான போட்டிகளில் இடம் கிடைப்பதும் கடினம். மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர் சாத்விக்கையும் சிராக்கையும் பதின்ம வயதிலேயே சேர்த்துவைத்தார். இருவரும் பின்னாலிருந்து அடிப்பவர்கள், பொருந்தாது என்று பலர் சொன்னார்கள். அவர் பிரிக்கவில்லை. 2023 அக்டோபரில் உலக முதலிடம்.

உங்கள் மகளின் கோச் அவளைத் தள்ளிவிட்டதாகக் கடிதத்தில் ஒரு ஆதாரமும் இல்லை. 13 வயதில் சிங்கிள்ஸை அடியோடு விடச் சொன்னால் மட்டும் சண்டை போடுங்கள், இரண்டும் ஆடலாம். மற்றபடி அவரிடம் கேட்க வேண்டியது இரண்டுதான்: ஒரே கூட்டாளியோடு குறைந்தது இரண்டு வருஷம் ஆட விடுவாரா, முன்கோர்ட்டுக்கென்று தனிப் பயிற்சி உண்டா. சர்வ் பழக்கத்தை நீங்களே தொடங்கிவைக்கலாம். நெட் டேப்புக்கு ஒரு சாண் மேலே நூல் கட்டி, நூலுக்கும் டேப்புக்கும் நடுவே தினமும் 100 சர்வ். ஷட்டில் மேலே ஏறிக்கொண்டே நெட்டைத் தாண்டிவிட்டு, எதிர்ப்பக்கம் போன பிறகு இறங்குவது தவறு. நெட்டுக்கு முன்னாலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்க வேண்டும். நைந்த இறகு ஷட்டிலைக் கொடுக்காதீர்கள், அது தள்ளாடிப் போய் கையைக் கெடுக்கும். அவளிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இதைப் பேச வேண்டாம்.