க்ளாத்தேனில் மனைவி வீட்டு நிலம்: பணம் அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கூத்தாநல்லூர். சிங்கப்பூரில் வேலை, இந்தியக் குடியுரிமைதான். மனைவி நடு ஜாவாவில் க்ளாத்தேன் பக்கத்துச் சின்ன கிராமத்துப் பெண். 2017-ல் அந்த ஊரிலேயே நிக்காஹ் நடந்தது. சொத்து பற்றி ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. மாமனார் இறந்துவிட்டார். பாட்டன் காலத்து வீட்டு மனையையும் கால் பௌ நன்செயையும் எங்களுக்கே விற்றுவிடுவதாக மனைவியின் சாச்சா, அதாவது மாமனாரின் தம்பி, சொல்கிறார். எல்லாம் இன்னும் பாட்டன் பெயரில், கிராமப் பதிவேட்டில்தான் இருக்கிறதாம். "முத்திரைத்தலை ஒட்டி ரசீது எழுதி, லூரா (ஊர்த் தலைவர்) கையெழுத்துப் போட்டால் போதும்" என்கிறார். வாங்கலாமா? யார் பெயரில்? பிற்காலத்தில் அங்கேயே போய்க் குடியிருக்க முடியுமா?

பதில்: முதலில், பணத்தை இப்போது அனுப்பாதீர்கள். சாச்சா ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஜாவா கிராமங்களில் வெகுகாலமாக இப்படித்தான் நிலம் கைமாறியிருக்கிறது. அவருக்குத் தெரிந்த வழியை அவர் சொல்கிறார். ஆனால் 10,000 ரூபியா முத்திரைத்தலை அரசுக்கு வரி கட்டியதைத்தான் காட்டும். அதை ஒட்டியதால் நிலம் கைமாறிவிடாது. நில அலுவலகத்தில் பெயர் மாற வேண்டுமென்றால், பி.பி.ஏ.டி. எனப்படும் பத்திர அலுவலர் முன்னிலையில் எழுதிய விற்பனைப் பத்திரம் வேண்டும்.

உங்கள் பெயரில் வாங்கும் பேச்சே கிடையாது. 1960-ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டம் 'ஹக் மிலிக்' என்ற முழு உரிமையை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. மைத்துனர் பெயரில் வாங்கி, 'உண்மையில் இது என்னுடையது' என்று தனியாக ஒரு தாள் எழுதி வாங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு மறைமுகமான கைமாற்றத்தையும் செல்லாது என்கிறது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது.

சரி, மனைவி பெயரில் வாங்கிவிட்டால் முடிந்ததா? இல்லை. 1974 திருமணச் சட்டப்படி, மணமான பிறகு சம்பாதித்துச் சேர்க்கும் சொத்து இருவருக்கும் பொது. ஜாவாக்காரர்கள் 'கோனோ கீனி' என்பது இதைத்தான். அவர் வாங்கும் நிலத்தில் பாதி உங்களுடையதாகிவிடும்; நீங்கள் வெளிநாட்டவர்; ஆகவே அவர் முழு உரிமையோடு வாங்குவதும் தடைப்படும். ஜப்பானியரை மணந்த இந்தோனேசியப் பெண் ஒருவர் இதே சிக்கலில் மாட்டி வழக்குப் போட்டார். அதில் அரசியலமைப்பு நீதிமன்றம் 2016 அக்டோபரில் தந்த தீர்ப்பு உங்களுக்கு உதவும்: சொத்துப் பிரிப்பு ஒப்பந்தத்தைத் திருமணத்துக்கு முன்புதான் எழுத வேண்டும் என்பதில்லை, மண வாழ்க்கையின் நடுவிலும் எழுதலாம். நோட்டாரிஸ் முன் எழுதி, உங்கள் நிக்காஹைப் பதிவு செய்த சமய அலுவலகத்தில் அதையும் பதிய வேண்டும். வாங்கிய பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். ஒப்பந்தத்துக்கு முன் வாங்கிய சொத்துக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதே தனி வழக்காகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாரிசாக வரும் சொத்து அந்தப் பொதுச் சொத்தில் சேராது. உங்கள் மனைவிக்குத் தன் அத்தா வழியாக வரும் பங்கு, ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவருக்கே உரியது. ஆக, நீங்கள் விலை கொடுத்து வாங்கப்போகும் நிலத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே உங்கள் வீட்டுக்காரிக்கே சேர வேண்டியதாக இருக்கலாம். அதை யாராவது உங்களிடம் சொன்னார்களா?

பாட்டன் பெயரில் இருக்கும் நிலத்தைச் சாச்சா ஒருவரே விற்க முடியாது. அவருடைய உடன்பிறப்புகள் எத்தனை பேர், யார் யார் இருக்கிறார்கள், இறந்தவர்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று ஒரு குடும்ப மரம் போடுங்கள். ஜாவாவில் இது லேசான வேலையில்லை. சுமாத்திராவின் லாம்புங்குக்குக் குடியேற்றத் திட்டத்தில் போன ஒரு மாமி, ஜகார்த்தாவில் தொழிற்சாலை வேலைக்குப் போன ஒரு பெரியத்தா என்று பல குடும்பங்கள் சிதறிக் கிடக்கின்றன. அத்தனை பேரும் கையெழுத்திட்ட வாரிசுச் சான்று, இரண்டு சாட்சிகளோடு, லூராவும் அவருக்கு மேலே வட்டார அதிகாரியான சாமத்தும் ஒப்பமிட்டு வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் பத்து வருஷம் கழித்து அவர் பிள்ளை வந்து வாசலில் நிற்பார்.

பங்கு எப்படி என்று கேட்பீர்கள். மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற கணக்கு நமக்குத் தெரிந்ததே. இந்தோனேசியாவின் 1991 இஸ்லாமியச் சட்டத் தொகுப்பும் அதைத்தான் சொல்கிறது. கூடவே, ஒவ்வொருவரும் தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்ட பிறகு, எல்லோரும் மனமொத்து வேறு விதமாகப் பிரித்துக்கொள்ளவும் அது இடம் தருகிறது. ஜாவாவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பிரிக்கும் குடும்பங்கள் ஏராளம். பெற்றோரைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு, பெரும்பாலும் கடைக்குட்டிக்கு, வீட்டை விட்டுக்கொடுப்பதும் உண்டு. பாட்டன் உயிரோடு இருந்தபோதே "இது உனக்கு, அது அவனுக்கு" என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வாயால் பிரித்துக் கொடுத்திருக்கவும் கூடும். ஊர் அதை ஏற்றுக்கொண்டிருக்கும். பதிவேட்டில் மட்டும் பெயர் மாறியிருக்காது. மாமியாரிடமும் ஊரில் வயதான இரண்டு பேரிடமும் கேட்டால் தெரிந்துவிடும்.

இனி அந்தப் பதிவேடு. கிராம அலுவலகத்தில் சாரிக் என்ற செயலர் பொறுப்பில் 'லெட்டர் சே' என்ற புத்தகம் இருக்கும். பழைய நிலவரிக் கணக்கு அது. பெயர், எண், துண்டின் எண், நன்செய்யா மேட்டு நிலமா, தரம், பரப்பு, எப்போது எதனால் கைமாறியது என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். மனைவியை நேரில் அனுப்பி அந்தப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், பிரதியும் வாங்கச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் காரணம் கேளுங்கள். இந்தப் புத்தகம் உரிமைப் பத்திரம் ஆகாது. உரிமையைக் காட்ட உதவும் சான்று, அவ்வளவுதான். 2021-ல் வந்த அரசாணை அந்த மதிப்புக்கும் ஐந்தாண்டுக் கெடு வைத்தது. 2026 பிப்ரவரி 2-க்குப் பிறகு பழைய பதிவுகள் சான்றாகாது, வழிகாட்டியாக மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். அதற்காக நிலம் பறிபோய்விடும் என்று பயப்பட வேண்டாம். இருபதாண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து அனுபவித்து வருவதை நம்பகமான சாட்சிகளோடு காட்டி நில உரிமைப் பட்டயம் வாங்க 1997-ஆம் ஆண்டு விதி வழி வைத்திருக்கிறது. நிலவரி ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள். தனியாக நின்றால் அவை உரிமையைக் காட்டாது, அனுபவத்தைக் காட்டத் துணை நிற்கும்.

2017 முதல் அரசே கிராமம் கிராமமாக அளந்து பட்டயம் கொடுக்கும் திட்டம் நடந்து வருகிறது. அந்த ஊரில் அது நடந்ததா என்று விசாரியுங்கள். சமயத்தில் சாச்சாவுக்கே தெரியாமல் பட்டயம் யாரோ ஒரு வாரிசின் பெயரில் வந்திருக்கும். நில அமைச்சகத்தின் 'செந்து தானாகூ' செயலியில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாலே துண்டு பதிவாகியிருக்கிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

ஒரு சின்ன கேள்வியையும் மறக்காதீர்கள்: சாச்சா கிராம அலுவலகப் பொறுப்பில் இருக்கிறாரா, இருந்தாரா? பதவியில் இருப்பவர்களுக்குச் சம்பளமாகவோ கூடுதல் வருமானமாகவோ 'பெங்கோக்' என்ற கிராமப் பொது நிலத்தைப் பயிரிடக் கொடுப்பது ஜாவா வழக்கம். குத்தகைக்கு விடலாம், விற்க முடியாது. பல வருஷம் உழுதவருக்கு அது தன் நிலம் போலவே ஆகிவிடும்.

வீட்டு மனைக்கு வருவோம். வாங்குவதானால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் வீடு வேறு, மனை வேறு என்பதை மனத்தில் வையுங்கள். நிலமும் அதன் மேல் நிற்பதும் தனித்தனிச் சொத்து என்பது அங்கே வழக்கமும் சட்டமும் ஏற்ற கொள்கை. ஜாவா மரவீட்டைத் தூண் தூணாகக் கழற்றி வேறு இடத்தில் நிறுத்திவிடலாம். பழைய ஜோக்லோ பாணி மரவீட்டுச் சட்டகங்களைத் தேடி நகரத்து வியாபாரிகள் வருவார்கள். அதேபோல, ஒருவர் மனையில் இன்னொருவர் வீடு கட்டிப் பல காலம் குடியிருப்பதும் சகஜம். எனவே பத்திரத்தில் மனை, வீடு, பின்கொல்லைத் தென்னை, தேக்கு, கிணறு எல்லாம் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். ஓரத்தில் ஒரு குடும்பம் குடியிருந்தால் அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதும் முன்பே பேசியாக வேண்டும்.

நன்செயை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். ஒரு பௌ என்பது சுமார் 7,000 சதுர மீட்டர். கால் பௌ நம் கணக்கில் 43 சென்ட் சொச்சம். அதைப் பங்கு வாரத்துக்கு விட்டால் விளைச்சலில் பாதியோ மூன்றில் ஒன்றோ வரும், விதை உரம் யார் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து. க்ளாத்தேன், டெலாங்கு அரிசிக்குப் பேர்போன மாவட்டம்தான். நிலத்தின் விலையும் அப்படியே இருக்கும். தவிர, விளைநிலத்தின் சொந்தக்காரர் அதே கெச்சாமத்தானிலோ (சாமத்தின் வட்டாரம்) ஒட்டிய கெச்சாமத்தானிலோ குடியிருக்க வேண்டும் என்று 1961 விதி சொல்கிறது. நடைமுறையில் பெரிதாகக் கண்காணிப்பதில்லை. ஆனால் பத்திரம் எழுதும்போது அதற்கென ஓர் உறுதிமொழித் தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். சிங்கப்பூரில் இருந்துகொண்டு உங்கள் மனைவி அதில் பொய் எழுத வேண்டாமே. நன்செயில் மண் போட்டு வீடு கட்டலாம் என்ற எண்ணமும் வேண்டாம். உணவு நிலப் பாதுகாப்புக்கு 2009-லிருந்து சட்டம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட நன்செய்ப் பட்டியலில் இருந்தால் மாற்ற அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பு.

சாச்சா 'விற்கிறேன்' என்பது எந்த விற்பனை என்றும் கேளுங்கள். ஜாவாவில் ஒரேயடியாக விற்பதும் விற்பனைதான். பணம் திருப்பித் தரும்வரை நிலத்தை ஒப்படைக்கும் 'சென்டே'யும் விற்பனைதான். சில வருஷ விளைச்சலை முன்பணத்துக்கு விடுவதும் விற்பனை என்றே பேசப்படும். நிலம் ஏற்கெனவே அண்டை வீட்டாரிடம் சென்டேயில் இருக்கலாம், அதை மீட்கத்தான் உங்கள் பணம் தேவைப்படலாம். அப்படியென்றால் 1960-ஆம் ஆண்டின் இன்னொரு சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஏழாண்டு கடந்த அடகு நிலத்தை, நிற்கும் பயிர் அறுத்ததும், மீட்புப் பணம் வாங்காமலே திருப்பித் தர வேண்டும். கிராமத்தில் இதைச் சொல்லி நிலம் கேட்டவர் குறைவு, கேட்டால் பகைதான். இருந்தாலும் பேரம் பேசும்போது கையில் இருக்க வேண்டிய விஷயம்.

யார் உழுகிறார்கள் என்பதையும் மாமியார் வழியாக விசாரியுங்கள். காப்பிக் கடையில் உட்கார்ந்து நீங்களே கேட்காதீர்கள். குத்தகையை எழுதிப் பதிய 1960-லேயே சட்டம் வந்தும் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். க்ளாத்தேன், 1964-ல் நிலச் சீர்திருத்தத்தை அரசுக்குக் காத்திராமல் தாங்களே நடத்த விவசாயிகள் இறங்கிய இடங்களில் முக்கியமானது. அடுத்த வருஷமே, கம்யூனிஸ்டுகள் என்று சொல்லி, கொலைகள் தொடங்கின. யார் நிலம், யார் உழவு என்று வெளியூர்க்காரர் உரக்கக் கேட்பதை வயதானவர்கள் இன்றும் விரும்புவதில்லை.

செலவு: விற்பவர் 2.5 சதவீத வருமான வரி, வாங்குபவர் விலக்குத் தொகை போக 5 சதவீதம், பத்திர அலுவலருக்கு அதிகபட்சம் 1 சதவீதம். இரண்டு வரியையும் வாங்குபவரே கட்டட்டும் என்று பேசுவார்கள், விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

குடியிருக்க முடியுமா என்றால், முடியும். மனைவி பொறுப்பேற்றுத் தங்கல் அனுமதி வாங்கலாம். திருமணம் இரண்டாண்டு கடந்துவிட்டதால் நிரந்தர அனுமதிக்கும் விண்ணப்பிக்கலாம். மனைவி உங்களுக்கு முன் காலமானால், வாரிசாக உங்களுக்கு வரும் நிலத்தை ஓராண்டுக்குள் இந்தோனேசியர் ஒருவருக்கு மாற்றிவிட வேண்டும். பிள்ளைகள் இந்தோனேசியக் குடியுரிமையை வைத்துக்கொண்டால் அவர்கள் பெயருக்குப் போகலாம். ஊரைப் பொறுத்தவரை, போனதும் ஒரு நாளுக்குள் ஆர்.டி. என்ற அக்கம்பக்கக் குழுவின் தலைவரிடம் பெயர் கொடுங்கள். இரவுக் காவல் முறை வரும். காவல் சுற்றுபவர்கள் எடுத்துப்போக வாசலில் ஒரு பிடி அரிசியோ சில்லறையோ வைப்பார்கள், நீங்களும் வையுங்கள். வாய்க்கால் தூர் வாரக் கூப்பிட்டால் மண்வெட்டியோடு போங்கள். விருந்துக்கு அழைத்தால் மொய் உண்டு, அதற்கு நோட்டும் உண்டு, நம்மூர் போலவே.

சாச்சாவிடம் இப்போதைக்கு இப்படிச் சொல்லுங்கள்: "நோன்புப் பெருநாளுக்கு எல்லோரும் ஊருக்கு வருவார்கள் அல்லவா, அப்போது உட்கார்ந்து பேசுவோம்." லாம்புங் மாமியும் ஜகார்த்தா பெரியத்தாவும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது அந்த ஒரு வாரம்தான். அலுவலகங்கள் அப்போது மூடியிருக்கும். ஆகவே வாரிசுச் சான்றின் வாசகத்தைச் சாரிக்கிடம் முன்பே தயார் செய்து, அடையாள அட்டை நகல்களையும் வாங்கி வையுங்கள். குடும்பத்தார் கையெழுத்தும் சாட்சிக் கையெழுத்தும் பெருநாள் வாரத்தில், லூராவும் சாமத்தும் அலுவலகம் திறந்த பிறகு. அதற்குள் நோட்டாரிஸிடம் உங்கள் சொத்துப் பிரிப்பு ஒப்பந்தத்தை முடித்துவிடுங்கள். சாச்சாவுக்கு அவசரத் தேவை இருந்தால் விலையில் சேர்க்காமல் கைமாற்றாகக் கொடுங்கள், எழுதியே கொடுங்கள்.