பிரபல இயக்குநர் ஒருவர் எங்கள் வளாகத்துக்கு வருகிறார். அதற்கு முன் எந்தப் படங்களைப் பார்க்க வேண்டும்?

கேள்வியில் பெயர் இல்லை. ‘சிங்கள இயக்குநர், கடைசிப் படத்தில் மலையாள நடிகர்கள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பிரசன்ன விதானகேயாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாராவது என்றாலும் இந்தப் படங்களைப் பார்த்து நீங்கள் ஒன்றும் கெட்டுப்போக மாட்டீர்கள். நீங்கள் யாழ்ப்பாணத்து மாணவர், சிங்களம் தெரியாது, பரீட்சை வேறு நெருங்குகிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ‘புரஹந்த களுவர’ (1997). பார்வையற்ற கிழவர் வன்னிஹாமி. இராணுவத்துக்குப் போன மகன் முத்திரையிட்ட பெட்டியில் வீட்டுக்கு வருகிறான். ஊரே அழுகிறது; கிழவர் மட்டும் நம்ப மறுக்கிறார். நட்டஈட்டுப் படிவத்தில் கையெழுத்து வைக்கவும் மாட்டேன் என்கிறார். ஜோ அபேவிக்ரம அதிகம் பேசாமலே படத்தைத் தாங்குகிறார். 2000இல் அரசாங்கம் இதைத் திரையிட விடவில்லை. உயர் நீதிமன்றம் வரை போய் வென்ற பிறகுதான் படம் வெளியானது. பெட்டிக்குள் என்ன இருந்தது என்று சொல்ல மாட்டேன். நீங்களும் தேடிப் பார்க்காதீர்கள்.

இந்தப் படத்தை நாங்கள் படித்த காலத்தில் திரையிட்டோம். வேறொரு சிங்கள இயக்குநர் வருவதாக இருந்தது. சிங்களப் படமே பார்த்திராத கூட்டத்தை அவர் முன்னால் எப்படி உட்கார வைப்பது என்றுதான் இந்த ஏற்பாடு. விரிவுரை மண்டபத்து யன்னல்களில் விடுதிப் படுக்கை விரிப்புகளைக் கட்டினோம். மல்டிமீடியா புரொஜெக்டர் இரவல். கிடைத்த பிரதியில் ஆங்கில சப்டைட்டில்தான். பின்வரிசைக்கு அதுவும் தெரியாது. அப்பாவுக்கு மாத்தளையில் கடை இருந்ததால் எனக்குச் சிங்களம் வரும். திரைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொன்னேன். வன்னிஹாமி பேசும்போது குரலைத் தாழ்த்தினேன், கிராம சேவகர் பேசும்போது கொஞ்சம் அதிகாரம் காட்டினேன். பெருமையடிப்பதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அன்று நன்றாகத்தான் செய்தேன்.

பாதியில் ஒருவன் எழுந்து, “ஆமிக்காரனின் தகப்பனுக்காக நாங்கள் ஏன் அழ வேண்டும்?” என்று கேட்டான். அதில் நியாயம் இல்லை என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கிழவர் புதைகுழியைத் தோண்டத் தொடங்கியபோது, கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த துப்புரவு வேலை செய்யும் அக்கா, “எங்களுக்குப் பெட்டியும் வரவில்லை” என்றார். சத்தமாக அல்ல, பக்கத்தில் நின்றவரிடம் சொல்வது போல. அடுத்த இரண்டு வசனங்களை நான் விட்டுவிட்டேன். யாரும் கேட்கவுமில்லை.

இரண்டாவதாக ‘இர மெதியம’ (2003). மூன்று கதைகளில் ஒன்று, ஊரைவிட்டுத் துரத்தப்படும் முஸ்லிம் சிறுவனுடையது. அவனுக்குத் தன் நாயை விட்டுப் போக மனமில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது நீங்கள் பிறந்திருக்க மாட்டீர்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவில் கூரையில்லாத வீடுகளைத் தாண்டி ரியூசனுக்குப் போய் வந்த எங்களுக்கும் வீட்டில் யாரும் காரணம் சொல்லவில்லை. ‘எங்கள் வலியை ஏன் எடுக்கவில்லை?’ என்று இயக்குநரிடம் கேட்க யாராவது ஒருவர் எப்படியும் எழும்புவார். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால், முதலில் இதைப் பார்த்துவிட்டு எழும்புங்கள்.

‘ஒப நெதுவ ஒப எக்க’ (2012) தஸ்தயேவ்ஸ்கியின் கதையிலிருந்து வந்தது. அடகுக் கடைக்காரச் சிங்களவனும் வடக்கிலிருந்து போன தமிழ்ப் பெண்ணும். 2014இல் சென்னையில் எதிர்ப்பு வந்து இதன் திரையிடலை நிறுத்தினார்கள். அந்தப் பெண்ணின் மௌனத்தை இங்கே இருந்து பார்ப்பவருக்கு விளக்கத் தேவையில்லை. ‘பரடைஸ்’ (2023) 2022 நெருக்கடிக் காலத்தில் இராமாயணச் சுற்றுலா வந்த இந்தியத் தம்பதியின் கதை. பொலிஸ் சந்தேகத்தில் பிடிப்பது மலையகத் தமிழர்களை. எனக்கு மற்ற மூன்றின் அளவுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பேச்சு அதில்தான் தொடங்கும்.

‘சிங்களவனுக்குக் கொடி பிடிக்கிறாயா’ என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: நான் சினிமா படித்தவன் அல்ல, எவருக்கும் கொடி பிடிக்கவும் இல்லை. கேட்டது என்ன பார்ப்பது என்று. அதற்குத்தான் பதில்.

எனக்கு உண்மையில் கோபம் வேறிடத்தில். அன்று வந்த இயக்குநரை வாசலில் நிறைகுடம் வைத்து, பான்ட் வாத்தியத்தோடு அழைத்து வந்தார்கள். மங்கள விளக்கு, வரவேற்பு நடனம், ஆசியுரை, தலைமையுரை, பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்கு ஒரு பொன்னாடை. தலைமையுரை ஆற்றியவர் அவருடைய ஒரு படத்தையும் பார்த்திருக்கவில்லை. தன் மாணவப் பருவத்து நாடக அனுபவத்தை விரிவாகச் சொன்னார். மனிதர் வெய்யிலில் வந்த களைப்போடு மூன்று மாலைகளுக்குள் உட்கார்ந்திருந்தார். படம் பார்த்து, தாளில் கேள்வி எழுதி வைத்திருந்த பிள்ளைகளுக்கு மிஞ்சியது நாலைந்து நிமிடம். அதையும் ஒரு விரிவுரையாளர் தன் கவிதைத் தொகுப்பைக் கையளிக்க எடுத்துக்கொண்டார். எந்த இடம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இந்த ஊரில் எந்த விழாவுக்குப் போனாலும் இதே நிரல்தான்.

ஆகவே படங்களைப் பார்த்தது போக, கேள்வியை ஒரே வாக்கியமாகச் சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உட்காராதீர்கள், மைக் வரும் பக்கத்து ஓரக் கதிரையைப் பிடியுங்கள். நன்றியுரைக்காரர் தாளோடு எழும்புவதற்கு முன் கையை உயர்த்திவிட வேண்டும்.