பூங்காவுக்கு மார்க் போட்டது யார்?

கேள்வி: தேசியப் பூங்காக்களின் நிர்வாக மதிப்பீட்டில் நல்ல மதிப்பெண் வருகிறது, பார்வையாளர் கூட்டமும் ஏறுகிறது. அப்புறமும் பூங்கா நிர்வாகத்துக்கு மறுஆய்வு வேண்டும் என்கிறீர்களே, ஏன்?

பதில்: அந்த மார்க்கைப் போட்டது யார் என்று விசாரித்தீர்களா? உலக வங்கியும் உலக இயற்கை நிதியமும் சேர்ந்து கொண்டுவந்த படிவம்தான் பல நாடுகளில் புழங்குகிறது. பெரும்பாலும் பூங்காவை நடத்துகிறவர்களே உட்கார்ந்து நிரப்புவார்கள். 2007 பதிப்பில் 30 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. எல்லை தெளிவா, திட்டம் உண்டா, ஆள் போதுமா என்று போய், காட்டின் நிலைமை என்ன என்பது 30-வதாக வரும். சில கேள்விகளோடு தரும் கூடுதல் புள்ளிகளை விட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள்: அந்த 30-வது கேள்வியில் பூஜ்யம், மற்றதில் முழு மார்க் என்றால் 90-க்கு 87. காடே போனாலும் டிஸ்டிங்ஷன்!

கூட்டம் கூடுவது டிக்கெட் விற்பனையைத்தான் காட்டும். பூங்காவால் விளைந்த பலனைக் கணக்கிட, பூங்கா இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க வேண்டும். பூங்காக்கள் பெரும்பாலும் உழவுக்கு உதவாத மேட்டிலும் சரிவிலும் அமைந்தவை. பூங்கா இல்லாவிட்டாலும் அங்கே அதிகம் பேர் கோடரியோடு போயிருக்கப் போவதில்லை. அதனால் அதே சரிவு, அதே உயரம், சாலையிலிருந்து அதே தூரம் உள்ள வெளிநிலத்தோடு ஒப்பிட வேண்டும். எல்லையை ஒட்டிய நிலத்தைப் பிடித்துக்கொண்டு ஒப்பிடாதீர்கள். உள்ளே தடுக்கப்பட்ட மரவெட்டு அங்கே நகர்ந்திருந்தால், பூங்காவின் சாதனை இல்லாத அளவுக்குப் பெரிதாகத் தெரியும்.

பணத்துக்கு வருவோம். உகாண்டாவில் நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் அக்கம்பக்கத்து உள்ளாட்சிகளுக்கு என்று சட்டமே சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்தப் பங்கு மாவட்ட அலுவலகத்தோடு நின்றுவிட்டால், யானை புகுந்த தோட்டக்காரருக்குக் காலணாகூட வராது. ஆகவே எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதோடு நிறுத்தாமல், எந்த ஊர் வரை போய்ச் சேர்ந்தது என்றும் கேளுங்கள்.

அதிகாரம்? இங்கிலாந்தில் பூங்கா ஆணையத்துக்குச் சொந்த நிலம் கொஞ்சம்தான். ஆனால் பூங்காவுக்குள் இருக்கும் தனியார் நிலத்தில் வீடு கட்டவும் அதன் அனுமதி வேண்டும். பாதுகாப்பும் உல்லாசமும் ஒத்துப்போகாமல் மோதினால், 1995 சட்டப்படி பாதுகாப்புக்கே முன்னுரிமை. இந்தியாவில் தேசிய வனவிலங்கு வாரியம் பரிந்துரைக்காமல் மாநில அரசு பூங்கா எல்லையைத் தொட முடியாது. ஏட்டில் இரண்டுமே பலமானவை. நடப்பு எப்படி என்று அறிய, மறுஆய்வுக் குழு முதலில் கேட்க வேண்டிய கோப்பு ஒன்று உண்டு: கடந்த ஐந்தாண்டில் வந்த சாலை, மின்தடம், விடுதி விண்ணப்பங்களில் எத்தனை நிராகரிக்கப்பட்டன, அந்த நிராகரிப்பை மேலே யார் மாற்றினார்கள்?