"எப்படிக்கா இருக்கு?"

கேள்வி: என் தம்பி பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படிக்கிறான். போன வாரம் ஒரு படம் வரைந்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். பனி மூடிய காடு. இலையில்லாத மரங்கள், எங்கும் சாம்பல் நிறம், ஆள் அரவமே இல்லை. பார்த்ததும் எனக்கு அடிவயிறு சில்லிட்டது. "எப்படிக்கா இருக்கு?" என்றான். "நல்லா இருக்குடா" என்றேன். முகம் வாடி உள்ளே போய்விட்டான். பட்ட மரம் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா வேறு முணுமுணுக்கிறார். பண்ருட்டிப் பக்கம் ஆயா வீட்டில் வளர்ந்த பிள்ளை, பனிக்காட்டை ஏன் வரைய வேண்டும்? நான் என்ன சொல்லியிருக்கணும்?
– ஓர் அக்கா, முத்தியால்பேட்டை

பதில்: அடிவயிறு சில்லிட்டது என்று எனக்கு எழுதினீர்களே, அதையே அவனிடம் சொல்லியிருக்கலாம். "நல்லா இருக்கு" என்பது பந்தியில் சாம்பாரைப் பற்றிக் கேட்டால் சொல்வது.

இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. அவன் இல்லாத நேரம் படத்தின் முன் பத்து நிமிடம் உட்காருங்கள். பயம் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று தேடுங்கள். மரத்தில் இருக்காது, மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் என்பது என் ஊகம். முன்னால் கறுத்து நிற்பவை உள்ளே போகப் போக வெளிறி, மரமா மூட்டமா என்று தெரியாமல் கரைகின்றனவா? நிழல் விழுந்திருக்கிறதா? மூடிய வானத்தில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலப் பரவும். நிழல் இல்லையென்றால் காலையா மாலையா என்றே பிடிபடாது. போதாததற்கு, புதிதாக விழுந்த பனி சத்தத்தை உறிஞ்சிவிடும். அந்த ஊமைத்தனத்தைத் தாளில் கொண்டுவருவது லேசில்லை. சாம்பல் நிறத்தை எதைக் கலந்து எடுத்தான் என்றும் கேளுங்கள். கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல் வேறு, நீலமும் பழுப்பும் கலந்த சாம்பல் வேறு. கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவான்.

ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரெட்ரிக் 1810-இல் பெர்லினில் காட்சிக்கு வைத்த படம் ஒன்று உண்டு. பனித்தரை, மொட்டை ஓக் மரங்கள், இடிந்த மடாலயச் சுவர். சற்று நேரம் கழித்துத்தான் கீழே ஒரு சவ ஊர்வலம் சின்னதாக நகர்வது கண்ணில் படும். அதைப் பிரஷ்ய அரசரே விலை கொடுத்து வாங்கினார். இதை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அசையவில்லையென்றால் வாதாட வேண்டாம், படம் தம்பி அறையில் தொங்கட்டும்.

பண்ருட்டி என்று எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அப்போது அவனுக்கு என்ன வயது? சில நாள் கழித்து அந்த வழியாகப் பேருந்தில் போனேன். முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. விழாமல் நின்ற பலா மரங்களிலும் இலை இல்லை. மேலே மார்கழி மூட்டம். பேருந்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. குளிர் நாட்டில் மொட்டை மரம் வருஷா வருஷம் வருகிற சங்கதி, வசந்தத்தில் துளிர்த்துவிடும். நம் பக்கம் மார்கழியில் தோப்பே மொட்டையாக நின்றால் காரணம் வேறு.

நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். போனில் பார்த்த ஏதோ ஒரு காடாக இருக்கலாம். அதனால் "இது அந்தப் புயல்தானே" என்று முந்திக்கொள்ளாதீர்கள். முதலில் உங்கள் பயத்தைச் சொல்லுங்கள், எந்த இடத்தில் வந்தது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். பிறகு, "இது எந்த ஊர்க் காடுடா?" என்று மட்டும் கேளுங்கள். ஜெர்மனி என்றாலும் ஆயா வீட்டுக் கொல்லை என்றாலும், அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.